என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு

அன்பான ஃபாதருக்கும், கன்னியர் மடத்து சிஸ்டருக்கும், கிளினிக் டொக்டருக்கும் தாதி மிஸ்ஸிமாருக்கும், எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து அக்காமாருக்கும், அம்மாவுக்கும்,

பாஸ்கு (ஈஸ்டர்) முடிந்த கையோடு எழுத நினைத்தேன்; பள்ளிக்கூட வேலையில் பிந்திவிட்டது. உங்கள் எல்லாருக்கும் நேரில் நன்றி சொல்லியிருக்கிறேன். இருந்தாலும் நாலு பேர் வாசிக்கும்படி எழுதக் காரணம் இருக்கிறது. டிக்கோயா, நோர்வூட் பக்கத்துத் தோட்டங்களில் சாப்பாட்டுத் தட்டைக் கண்டாலே மனம் பதறுகிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணிலும் இது படட்டும்.

பாஸ்குவுக்கு முந்திய தவக்காலத்தில் தொடங்கிய பட்டினி எனக்கு எல்லா வெள்ளிக்கிழமைக்கும் நீண்டது. தம்பிக்குக் கொழும்பில் வேலை கிடைக்க ஒரு பட்டினி, அப்பாவின் நெஞ்சுவலிக்கு ஒரு பட்டினி, பரீட்சைக்கு ஒன்று. பகலெல்லாம் சீனி போட்ட சாயத் தண்ணிதான். இரவில் எல்லாரும் படுத்த பிறகு, பசி தாங்காமல் பாணையும் பிஸ்கட்டையும் அள்ளி அள்ளிச் சாப்பிடுவேன். விடிந்தால் சுரூபத்தை ஏறெடுத்துப் பார்க்க வெட்கம். அந்த வெட்கத்துக்காக மறுபடியும் பட்டினி.

ஃபாதர், சாப்பிட்டதையெல்லாம் பாவம் என்று சொல்லிக்கொண்டு உங்களிடம் வந்தேன். நீங்கள் கடிந்துகொள்ளவில்லை, புகழவும் இல்லை. திருச்சபை ஒருசந்தி என்ற நோன்பு இருக்கச் சொல்வது வருஷத்தில் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி என்று இரண்டே நாள்தான் என்றீர்கள். அதுவும் 18 வயதிலிருந்து 59 வயது வரை உள்ளவர்களுக்கு. அன்றைக்கும் ஒரு நேரம் வயிறாரச் சாப்பிட்டு, மற்ற இரண்டு நேரமும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். நோயாளிக்கு அந்தக் கடமையே கிடையாது. இத்தனை வருஷம் பூசைக்குப் போயும் இதை யாரும் எனக்கு இப்படி எடுத்துச் சொன்னதில்லை. பிறகு, "மகள், மிச்சம் என் வேலை இல்லை, டொக்டரைப் போய்ப் பாருங்க" என்று நீங்களே கடிதம் எழுதித் தந்தீர்கள். ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் வைத்தியத்துக்கும் அனுப்பி வைத்த அந்தக் கடிதத்துக்கு நான் வாழ்நாளெல்லாம் கடமைப்பட்டிருக்கிறேன்.

டொக்டர், இரத்தம் குறைவு என்றதோடு விடாமல், ஏன் சாப்பிடப் பயம் என்றும் பொறுமையாகக் கேட்டீர்கள். அதற்காக நன்றி. இரும்புச்சத்துக் குளிசையை விழுங்கிய உடனே தேத்தண்ணி குடித்தால் சத்து உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணித்தியாலமாவது போகட்டும், கொய்யாப்பழமோ தேசிக்காய்த் தண்ணியோ கூட இருந்தால் நல்லது என்று மிஸ்ஸி சொன்னதை எங்கள் லயத்தில் இப்போது எல்லாரும் கடைப்பிடிக்கிறார்கள். தேயிலையிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு அது பெரிய செய்தி.

சிஸ்டர், உங்களைப் பற்றி எழுதத்தான் கை நிற்கமாட்டேன் என்கிறது. ஒரு பின்னேரம் மழையோடு வந்து, "பசிக்குது பிள்ளை, என்ன இருக்கு?" என்று கேட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்தீர்கள். ரொட்டியும் கட்டச் சம்பலும் பருப்பும் இருந்தன. ஜெபம் சொல்லிவிட்டு ரொட்டியைப் பிய்த்தீர்கள். என் தட்டை ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. லீக்ஸ் விலை, ஹட்டன் பஸ், மடத்து நாய்க்குட்டி என்று கதைத்துக்கொண்டே சாப்பிட்டீர்கள். கதை கேட்டபடி நானும் சாப்பிட்டு முடித்திருந்தேன். அப்புறம் அடிக்கடி வந்தீர்கள். "நல்லா சாப்பிடு" என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வெகுநாளைக்குப் பிறகுதான் புனித பிரான்சிஸ் அசிசியாரின் கதையைச் சொன்னீர்கள். கடும் ஒருசந்தி இருந்த ஒரு சகோதரர் நடு இரவில் "பசியால் சாகிறேன்" என்று அலற, பிரான்சிஸ் எழுந்து விளக்கேற்றி உணவு எடுத்துவைத்து, தனியாகச் சாப்பிட அவர் வெட்கப்படுவார் என்று தானும் உட்கார்ந்து அவரோடு சாப்பிட்டாராம். 1226இல் இறந்த அந்தப் புனிதர், தன் கடைசிக் காலத்தில், இவ்வளவு வருத்தினேனே என்று தன் உடம்பிடமே மன்னிப்புக் கேட்டாராம். நீங்கள் மழையில் நனைந்து வந்ததன் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

மேட்டு லயத்து அக்காமாரே, "மெலிஞ்சி போயிட்டியே" என்பதை விட்டுவிட்டு, வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் பிடுங்கி வந்து வாசலில் வைத்துவிட்டுப் போனீர்களே, அதற்கு நன்றி.

அம்மா, இருட்டோடு எழுந்து ரொட்டி சுட்டு, எங்களுக்கெல்லாம் கட்டிக்கொடுத்து, கடைசியில் சட்டியை வழித்து வாயில் போட்டுக்கொண்டு நீங்கள் மலைக்கு ஓடுவதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். உங்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான் குணமாக வேண்டும் என்பதற்காகவே நீங்களும் பழக்கத்தை மாற்றினீர்கள். இப்போது எல்லாத் தட்டையும் ஒன்றாகப் போட்டு, உங்களுக்கும் ஒரு முட்டை வைத்துக்கொண்டு உட்காருகிறீர்கள். கொழுந்துக் கறை ஏறிய உங்கள் விரல்கள் அவசரமில்லாமல் ரொட்டியைச் சம்பலில் தோய்ப்பதை எதிரில் இருந்து பார்க்கும்போது கடவுளுக்கு ஸ்தோத்திரம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இந்தத் தவக்காலத்தில் ஃபாதர் எனக்குச் சொன்ன தவம், மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுவது. அதோடு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து, அடுத்த டிவிஷனில் தனியாக இருக்கும் ஆச்சிக்குக் கொடுப்பது. பசித்தவனோடு உன் உணவைப் பகிர்ந்துகொள் என்ற ஏசாயா வாசகம் திருநீற்றுப் புதனுக்கு அடுத்த வெள்ளி பூசையில் வாசிக்கப்பட்டபோது, முதல் தடவையாகப் பயமில்லாமல் கேட்டேன்.

தங்கச்சிமாரே, உங்களுக்கும் இப்படி இருந்தால் கிளினிக்கில் வாய் திறந்து சொல்லுங்கள். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்துப் பேசலாம். ஞாயிறு பூசை முடிந்து நான் கோயில் வாசலில்தான் நிற்பேன், என்னிடமும் வாருங்கள்.

நன்றியுடன்,
மேட்டு லயத்து டீச்சர்