செம்மறிக்கென்று விற்ற தாது உப்புக் கலவையில் மிகுந்த செம்பு: புகார்

அனுப்புநர்: செம்மறி வளர்ப்போர், சுங்கை சிப்புட், பேராக், மலேசியா.
பெறுநர்: விற்பனைப் பிரிவு மேலாளர்.

ஐயா,

உங்கள் தாது உப்புக் கலவையைத் தின்ற எங்கள் செம்மறிகள் ஹஜ்ஜுப் பெருநாள் விற்பனைக்கு ஏற்றும் நேரத்தில் செத்துவிட்டன. உங்கள் 25 கிலோ தாது உப்பு, வைட்டமின் கலவை மூட்டையின் முன்பக்கம் மாடு, வெள்ளாடு, செம்மறி மூன்றின் படமும் இருக்கிறது. தீவனத்தில் 2 விழுக்காடு கலக்கும்படி போட்டிருக்கிறீர்கள். பின்பக்கம், கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டிய எழுத்தில், கிலோவுக்குச் செம்பு 1,200 மில்லிகிராம் என்றிருக்கிறது. அந்தக் கணக்கில் ஒரு கிலோ தீவனத்துக்கு உங்கள் கலவை மட்டுமே 24 மில்லிகிராம் செம்பு சேர்க்கிறது. செம்மறிக்கு மொத்தத் தீவனத்திலும் சேர்த்தே 15 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

இங்கே செம்பனை (எண்ணெய்ப்பனை) கொட்டைப் பிண்ணாக்கு இல்லாமல் கிடா கொழுக்க வைப்பவர் குறைவு. அந்தப் பிண்ணாக்கிலேயே கிலோவுக்கு 20 முதல் 30 மில்லிகிராம் செம்பு உண்டு. அதனால்தான் அதைத் தீவனத்தில் 30 விழுக்காட்டோடு நிறுத்துகிறோம். அதிலிருந்து ஏறக்குறைய 7.5, சோளம், புல், சோயாவிலிருந்து 4, ஆக ஒரு கிலோ தீவனத்தில் 11.5 மில்லிகிராம் செம்பு. இதுவரை பயமில்லை. உங்கள் கலவையைப் போட்டதும் 35.5 ஆகிவிடுகிறது. செம்பனை நாட்டில் தீவனம் விற்கும் கம்பெனிக்கு இந்தக் கூட்டல் தெரியாதா?

உங்கள் விற்பனையாளர் இரண்டு சமாதானம் சொன்னார். வெள்ளாட்டுக்கு இதே கலவையால் ஒன்றும் ஆகவில்லையாம். வெள்ளாடும் மாடும் செம்பை ஓரளவு தாங்கும். செம்மறியால் அதைப் பித்தநீர் வழியாகப் போதிய அளவு வெளியேற்ற முடியாது, ஈரலிலேயே சேர்த்து வைக்கும். மாடு தாங்கும் அளவு செம்மறியைக் கொல்லும்.

வாரக்கணக்கில் தின்றபோது நன்றாகத்தானே இருந்தன, உண்ணிக் காய்ச்சலாக இருக்கும் என்பது இரண்டாவது. நன்றாக இருப்பதுபோல் தெரிவதுதான் இந்த நஞ்சின் குணம். ஈரல் நிறையும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. லாரியில் ஏற்றுவது, தீவனம் மாற்றுவது போன்ற அலைச்சல் வந்ததும் செம்பு ஒரேயடியாக ரத்தத்தில் இறங்கிச் சிவப்பணுக்களை உடைக்கிறது. கண்ணும் ஈறும் மஞ்சளாகி, மூத்திரம் கருஞ்சிவப்பாகி, ஓரிரு நாளில் ஆடு விழுந்துவிடும். எங்கள் ஆடுகள் ஹஜ்ஜுப் பெருநாள் விற்பனைக்கு ஏற்றும் நேரத்தில் செத்ததற்கு இதுதான் காரணம். அறுத்துப் பார்த்ததில் ஈரல் மஞ்சள், சிறுநீரகம் கருநீலம். ஈரலின் செம்பு அளவும் இணைத்துள்ள பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இருக்கிறது.

சுண்ணாம்புச் சத்திலும் கோளாறு. சிட்டையில் கால்சியம் 12, பாஸ்பரஸ் 10 விழுக்காடு. பிண்ணாக்கில் ஏற்கெனவே பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. மொத்தத் தீவனத்தில் கால்சியம் பாஸ்பரஸைப்போல் இரு மடங்கு இருக்க வேண்டும். உங்கள் கலவை சேர்த்தபின் கால்சியம் 0.49, பாஸ்பரஸ் 0.60 விழுக்காடு. காயடித்த கிடாவுக்கு மூத்திரக்குழாயில் கல் அடைக்க இது போதும். கலவையே போடாமல், கிலோ தீவனத்துக்கு 15 கிராம் சுண்ணாம்புக்கல் தூள் போட்டாலே கால்சியம் 0.82, பாஸ்பரஸ் 0.40 விழுக்காடு என்று சரியாக நிற்கிறது. விலையும் சில காசுதான்.

வைட்டமின் பற்றிச் சுருக்கமாக: உட்பை இல்லாத காகித மூட்டையில் சல்பேட் உப்புகளோடு ஏ, இ வைட்டமின்களைக் கலந்து இந்த ஈரக்காற்றில் வைத்தால் அவை வீரியம் இழந்துவிடும். மூட்டைகள் கட்டிதட்டியே வந்தன. தயாரித்த தேதியும் இல்லை.

நாங்கள் கேட்பவை: மீதி மூட்டைகளைத் திரும்ப எடுத்துப் பணம் தர வேண்டும். செத்த ஆடுகளுக்கு ஈடு தர வேண்டும். இந்தத் தொகுப்பின் செம்புப் பரிசோதனை அறிக்கையைக் காட்ட வேண்டும். செம்மறிப் படத்தை நீக்கி, ‘செம்மறிக்குக் கொடுக்கக் கூடாது’ என்று முன்பக்கமே மலாயிலும் தமிழிலும் அச்சிட வேண்டும். செம்மறிக்கென்றே விற்பதானால் செம்பு சேர்க்காமல், துத்தநாகமும் மொலிப்டினமும் அளவோடு சேர்த்துத் தயாரியுங்கள். பிண்ணாக்கின் செம்பு ஈரலில் தங்குவதை அவை குறைக்கும்.

14 நாளில் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், 2009ஆம் ஆண்டுக் கால்நடைத் தீவனச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை கேட்டு இதே கடிதம் கால்நடைச் சேவைத் துறைக்குப் போகும். பக்கத்துக் கடைகளில் அந்த மூட்டைகள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. அவற்றை இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செம்மறி வளர்ப்போர், சுங்கை சிப்புட்

இணைப்பு: ரசீது நகல்கள், மூட்டைச் சிட்டையின் படம், பிரேதப் பரிசோதனை அறிக்கை.