அந்தப் பேருந்தில் நடந்ததும், மரியாதை என்ற சொல்லும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். தேர்வு அட்டவணை, வருகைப் பதிவு, ஆதார் நகல் இதெல்லாம் வகுப்பாசிரியர்கள் தனியாக அனுப்புவார்கள். இந்தக் கடிதம் வேறு ஒரு விஷயத்துக்காக. இரண்டு வாரமாக மனதில் வைத்துக்கொண்டே இருந்தேன், சொல்லாமல் விட்டால் தவறு என்று தோன்றியதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், இரவுச் சாப்பாடு முடிந்து உட்காரும்போது படியுங்கள்.

பத்தாம் வகுப்பில் ஆங்கிலப் பாடம் நடக்கும்போது ‘ஷிவல்ரி’ என்று ஒரு சொல் வந்தது. என்ன அர்த்தம் என்று டீச்சர் கேட்க, ஒரு பையன் எழுந்து, “பொண்ணுங்களுக்குக் கதவு திறந்துவிடுறது டீச்சர்” என்றான். ஏதோ படத்தில் பார்த்திருக்கிறான். நம் தெருவில் எந்த வீட்டுக் கதவு பகலில் சாத்தியிருக்கிறது, திறந்துவிடுவதற்கு? ஆனாலும் அவன் சொன்னது தவறில்லை, வெளியே தெரிகிற பாதியைச் சொன்னான். மீதிப் பாதி என்ன என்று அந்த வாரமே எனக்குக் காட்டியது நான் தினமும் வருகிற பேருந்து.

புதன்கிழமை காலை, நல்ல கூட்டம். பாம்பன் பக்கத்திலிருந்து மீன் விற்கப் போகிற ஒரு அக்கா சட்டியோடு ஏறினார். சூடையும் காரலும் இருந்தது, மேலே ஈரச் சாக்கு போட்டு மூடியிருந்தார். சட்டியைக் கீழே வைப்பதற்கு முன்னால் இடுப்பில் செருகியிருந்த உரச் சாக்கை எடுத்து, நான்காக மடித்து, தரையில் விரித்து, அதன் மேல்தான் சட்டியை வைத்தார். அப்படியும் ஐஸ் தண்ணீர் ஓரமாகக் கசிந்தது. உடனே தன் முந்தானையாலேயே துடைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற நம் பள்ளிப் பையனிடம், “தம்பி, காலைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கய்யா, பேன்ட்டுல பட்டுறப் போகுது” என்றார். அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நின்ற நண்பர்களைப் பார்த்து, “ஓசி டிக்கெட்டுக்கு இவ்வளவு லக்கேஜு” என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் முன்பக்கம் உட்கார்ந்திருந்ததை அவர்கள் கவனிக்கவில்லை. எழுந்து போய்ப் பேசினேன், மன்னிப்பும் கேட்டார்கள், அந்த அக்காவும் “விடுங்க டீச்சர், சின்னப் பிள்ளைங்க” என்றார். அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

மறுநாள் மதியம் ஒரு பையன் என் அறை வாசலில் வந்து நின்றான். சிரித்த கூட்டத்தில் அவன் இல்லை, ஆனால் கூட இருந்தவன். “எங்க அம்மாவும் அந்த பஸ்லதான் டீச்சர் வரும்” என்றான். அவ்வளவுதான் சொன்னான். என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, உட்காரச் சொன்னேன், தண்ணீர் கொடுத்தேன், மணி அடித்ததும் போய்விட்டான். யார் என்று தயவுசெய்து யாரும் விசாரிக்க வேண்டாம்.

அந்தப் பேருந்தில் மரியாதை தெரிந்து நடந்தவர் யார் என்று பாருங்கள். யார் காலிலும் தண்ணீர் படக்கூடாது என்று சாக்கை மடித்துப் போட்டவர்தான். 2021-லிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது அரசு கொடுத்த உரிமை, அதில் ஓசி என்று சொல்ல எதுவும் இல்லை. அந்தச் சொல்லைப் பிள்ளைகள் தாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை, நம்மில் யாரோ பேசக் கேட்டிருக்கிறார்கள்.

இப்போது அந்த ஆங்கிலச் சொல்லுக்கு வருகிறேன். குதிரை என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது அது. குதிரையும் கவசமும் வாளும் வைத்திருந்த வீரர்களின் நடத்தையைக் குறித்தது. அந்த வீரர்கள் ஆரம்பத்தில் எப்படி இருந்தார்கள் என்றால், கையில் ஆயுதம் இருக்கிறது என்பதற்காக ஊருக்குள் புகுந்து ஏழைக் குடியானவனின் ஆட்டையும் மாட்டையும் ஓட்டிக்கொண்டு போவார்கள். பொறுக்க முடியாமல் 989-ஆம் ஆண்டு பிரான்சில் ஷாரூ என்ற ஊரில் பாதிரியார்கள் கூடி, ஏழைகளின் கால்நடையைப் பறிப்பவனையும் ஆயுதம் இல்லாத குருமாரை அடிப்பவனையும் திருச்சபையிலிருந்து விலக்குவோம் என்று அறிவித்தார்கள். 1027-இல் ஞாயிற்றுக்கிழமை சண்டையே கூடாது என்று ஆரம்பித்து, பிறகு புதன் மாலையிலிருந்து திங்கள் காலை வரை ஆயுதம் எடுக்கக் கூடாது என்பது வரை அந்தக் கட்டுப்பாடு நீண்டது. இவையெல்லாம் சேர்ந்துதான் ஷிவல்ரி என்ற நடத்தை உருவாக வழி செய்தன. கதவு திறப்பதெல்லாம் ரொம்பப் பின்னால் வந்தது. பலம் உள்ளவன் தன் கையைத் தானே கட்டிக்கொள்வது, அதுதான் அதன் அடி வேர்.

இதைப் படித்தபோது எனக்கு நம் கடல்தான் ஞாபகம் வந்தது. எழுபதுகளில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் நடந்த மோதலெல்லாம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதற்கப்புறம் வந்ததுதானே நம் பாக் நீரிணைப் பக்கத்து நாள் கணக்கு? விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. பெரிய இஞ்சினும் இழுவை மடியும் வைத்திருப்பவன், வள்ளத்தில் போகிறவனுக்காக வாரத்தில் நாலு நாள் கரையில் நிற்க வேண்டும் என்ற ஒப்பந்தம். எல்லா நேரமும் சரியாகக் கடைப்பிடிக்கப்படுகிறது என்று நான் சொல்லவில்லை, அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை என்பதும் தெரியும். ஆனால் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அங்கே குதிரைக்காரனுக்கு நாள் குறித்தார்கள், இங்கே இஞ்சின்காரனுக்கு நாள் குறித்தார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது, வகுப்பில் எப்போதும் கடைசி பெஞ்சில் தூங்குகிற இரண்டு பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

நம் தமிழிலும் இது பழைய விஷயம்தான். புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில் நெட்டிமையார் பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியைப் பற்றிச் சொல்கிறார்: பசுக்கள், அந்தணர், பெண்கள், நோயாளிகள், பிள்ளைப்பேறு இல்லாதவர்கள் எல்லாரும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள், அம்பு விடப்போகிறோம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் போர் தொடங்குவானாம். வள்ளுவர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். “பேராண்மை என்ப தறுகண்ஒன் றுற்றக்கால் ஊராண்மை மற்றதன் எஃகு.” அஞ்சாமல் எதிர்ப்பது ஆண்மைதான், ஆனால் அந்த எதிரிக்கே ஒரு கஷ்டம் வந்துவிட்டால் உதவுவதுதான் அதன் கூர்முனை என்கிறார். பரிமேலழகர் இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது, படையெல்லாம் இழந்து தனியாக நின்ற இலங்கை வேந்தனை ‘இன்று போய் நாளை உன் படையோடு வா’ என்று இராமன் விட்டதை. இராமேசுவரத்துப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடக் கிட்டத்தில் வேறு உதாரணம் வேண்டுமா?

பழையது எல்லாமே உயர்ந்தது என்றும் நான் சொல்ல மாட்டேன். பெண்களும் பிள்ளைகளும் முதலில் என்ற பேச்சு பரவியது 1852-இல் தென்னாப்பிரிக்கா பக்கத்தில் உடைந்த பர்க்கன்ஹெட் என்ற கப்பலால். வீரர்கள் மூழ்கும் தளத்தில் வரிசையில் நிற்க, படகில் அனுப்பப்பட்ட பெண்களும் பிள்ளைகளும் அத்தனை பேரும் பிழைத்தார்கள். 1912-இல் டைட்டானிக். அதில் முதல் வகுப்புப் பெண்களில் நூற்றுக்கு 97 பேர் பிழைத்தார்கள், மூன்றாம் வகுப்புப் பெண்களில் பாதிப் பேர்கூட இல்லை, மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இருவர் 2012-இல் பதினெட்டுக் கப்பல் விபத்துகளின் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, பொதுவாக ஆண்கள்தான் பெண்களைவிட அதிகம் பிழைத்திருந்தார்கள், கப்பல் ஊழியர்கள் பயணிகளைவிட அதிகம் பிழைத்திருந்தார்கள். டிக்கெட்டைப் பார்த்து வருகிற மரியாதையை என்ன பெயர் சொல்லி அழைப்பது? எனக்கு டைட்டானிக்கின் மூன்றாம் வகுப்பும் நம் பேருந்தின் ‘ஓசி டிக்கெட்டும்’ ஒன்றாகவே தெரிகிறது.

அப்புறம், பெண்கள் மென்மையானவர்கள், அதனால் காப்பாற்ற வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் நம் ஊருக்குப் பொருந்தவில்லை. விரல் விரலாகத் துணி சுற்றிக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் நின்று, பாறைக்கு நடுவே முங்கிப் பாசி எடுத்து வருகிற அம்மாக்களின் பிள்ளைகள் இவர்கள். இதில் நானே ஒரு தவறு செய்திருக்கிறேன். ஆண்டு விழாவுக்கு முந்தின நாள், பையன்களெல்லாம் பெஞ்சு தூக்குங்கள், பெண் பிள்ளைகளெல்லாம் மைதானம் கூட்டுங்கள் என்று மைக்கில் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி நேராக வந்து, “ஏன் டீச்சர், நாங்க தூக்க மாட்டோமா? அவங்களுக்குக் கூட்டத் தெரியாதா?” என்று கேட்டாள். கேள்வி நியாயம். இப்போது முறை வைத்து மாற்றி மாற்றிச் செய்கிறார்கள். முதல் வாரம் பையன்கள் கூட்டிய லட்சணத்தில் குப்பை இருந்த இடத்திலேயே இருந்தது, இப்போது பரவாயில்லை.

அதே மாணவிகள் இன்னொன்றும் சொன்னார்கள், இதைப் பையன்களின் பெற்றோர் கவனமாகப் படிக்க வேண்டும். பள்ளி விட்டதும் இரண்டு பையன்கள் ஒரு பெண் பின்னால் அவள் வீட்டு முனை வரை தினமும் நடக்கிறார்கள். கேட்டால் ‘பாதுகாப்புக்கு, தங்கச்சி மாதிரி’ என்கிறார்கள். அவள் கேட்கவில்லை. அவளுக்குப் பிடிக்கவில்லை, வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் வாயே திறக்கவில்லை. கேட்காமல் செய்கிற காவல் காவல் இல்லை. “கூட வரட்டுமா?” என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் சரி என்று திரும்பிவிட வேண்டும். அனுமதி இல்லாமல் படம் எடுப்பது, அதைக் கைபேசியில் அனுப்புவது எல்லாம் இதே கணக்கில்தான் வரும். பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளை இப்படி ஒன்றைச் சொன்னால் தண்டனை அவளுக்கு வேண்டாம்.

இராமேசுவரம் தீவில் பிறந்த அப்துல் கலாம் அவர்களின் கடைசி நாளைப் பற்றி அவருடன் பயணித்த உதவியாளர் சொன்னது ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். 2015 ஜூலை 27, ஷில்லாங் போகிற வழி. முன்னால் போன திறந்த வண்டியில் ஒரு வீரர் துப்பாக்கியோடு நின்றுகொண்டே வந்தார். அவரை உட்காரச் சொல்லுங்கள் என்று கலாம் திரும்பத் திரும்பக் கேட்டாராம். தகவல் போய்ச் சேரவில்லை. இறங்கியதும் அந்த வீரரைத் தேடி வரவழைத்துக் கை கொடுத்து, எனக்காக இவ்வளவு நேரம் நின்றீர்களே என்று நன்றி சொன்னார். அவருக்கு வயது 83, முன்னாள் குடியரசுத் தலைவர். அந்த இரண்டரை மணி நேரப் பயணத்தில் அவர் கண்ணில் பட்டது நின்றுகொண்டிருந்த மனிதர்.

நம் ஊர்ப் பேச்சில் இதற்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது. அக்கா, அண்ணே, மதினி, லாத்தா, காக்கா என்று முன்பின் தெரியாதவரைக்கூட உறவு சொல்லித்தான் கூப்பிடுகிறோம். நடுக்கடலில் ஒருவன் இஞ்சின் நின்றுபோனால், கரையில் பேசிக்கொள்ளாதவன்கூட மடியை எடுத்துக்கொண்டு வந்து கயிறு போட்டு இழுத்து வருகிறான், டீசலுக்குக் கணக்குப் பார்ப்பதில்லை. இதை வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்கிறீர்களா? அப்பா கடலில் யாரை இழுத்து வந்தார், அம்மா சந்தையில் யாருக்கு இடம் விட்டார் என்று. நான் பாடமாக நடத்தினால் மதிப்பெண்ணுக்காகக் கேட்பார்கள், நீங்கள் சொன்னால் வேறு மாதிரி கேட்பார்கள்.

பேருந்தில் பேசிய பையன்களுக்கு நான் தண்டனை எதுவும் கொடுக்கவில்லை. அவர்கள் வீட்டுக்குத் தனியாகச் சொல்லிவிட்டேன். போன வாரம் அந்த அக்கா ஏறியபோது ஒருவன் சட்டியின் ஒரு காதைப் பிடிக்கப் போனான். “பிடிக்கட்டுமா அக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் பிடித்தான். “பாத்துய்யா, வழுக்கும்” என்றார் அவர்.

வரும் வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்குப் பெற்றோர் கூட்டம். சனிக்கிழமை படகு போகிறவர்கள் ஐஸ் ஏற்றுகிற வேலை இருக்கும் என்பதால் 4 மணிக்குள் முடித்துவிடுகிறேன். அன்று நாட்டுப்படகில் போய்விட்டு நேரம் கழித்து வருகிறவர்கள் 5 மணிக்கு மேல் வரலாம், 6 மணி வரை நான் அறையில் இருப்பேன். அம்மாக்கள் மட்டும் வந்தால் போதும் என்று இருக்க வேண்டாம், அப்பாக்களும் வாருங்கள். மீன் சட்டியோடு வருகிறவர்கள் தயங்க வேண்டாம், வேப்பமரத்தடியில் நிழலில் வைக்க இடம் ஒதுக்கியிருக்கிறோம், பார்த்துக்கொள்ள இரண்டு பிள்ளைகள் நிற்பார்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்