உச்ச எண் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கார் இதழ்களின் எஞ்சின் மறுகட்டமைப்புகளையும் டைனோ (எஞ்சின் திறனை அளக்கும் கருவி) முடிவுகளையும் பாராட்டித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அந்த எண்கள் பொய்யல்ல. ஆனால் உச்சக் குதிரைத்திறனை மட்டும் தலைப்பாக்கினால் வாசகருக்குப் பயன் குறைவு. அது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்த நிலையில் எடுத்த அளவு. எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுழலும்போது கிடைக்கும் சக்தி, கோரிப்பாளையம் சிக்னலில் முதல் கியரில் ஊர்பவருக்கு எதற்கு? ஏர் கிளீனரையும் சைலன்சரையும் கழற்றிவிட்டு அளந்தால் எண் தானே ஏறும். அமெரிக்க நிறுவனங்களே 1972 வாக்கில்தான் அந்தப் பழக்கத்தை விட்டு, எல்லாவற்றையும் மாட்டிய நிலையில் அளந்த நிகரத் திறனைச் சொல்லத் தொடங்கின. திறனை அளக்கப் பலரும் பின்பற்றும் எஸ்ஏஇ ஜே1349 என்ற தர முறையில் முடிவை 25 டிகிரி வெப்பநிலைக்குத் திருத்துவார்கள். சித்திரை மதுரையில் அந்தக் குளிர்ச்சிக்கு எங்கே போவது!

இதழ் ஒன்றில் டைனோ வரைபடம் பார்த்து மயங்கி, என் பழைய காருக்கு வேறு கேம்ஷாஃப்ட் (எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு) போட்டேன். நான்குவழிச் சாலையில் பறந்தது. வத்தலக்குண்டைத் தாண்டிக் கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறியபோதோ, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் திணறி நின்றது. கீழ்ச்சுற்றில் இருந்த இழுவையைக் கொடுத்துத்தான் மேலே குதிரைகளை வாங்கியிருக்கிறேன். ஊர் திரும்பியதும் லேத் பட்டறைக்காரர் பழையதையே மாட்டிவிட்டார், சிரித்துக்கொண்டே. ஆகவே இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது, 1,500 சுற்றிலிருந்து தொடங்கும் முழு வரைபடத்தையும், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே டைனோவில் எடுத்த அளவுகளையும், அன்றைய வெப்பநிலையையும், ஆன செலவையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

- ஒரு வாசகர், மதுரை