குறைந்த ஸ்பின் எல்லோருக்கும் லாபமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டுப் பக்கங்களில் கோல்ஃப் கருவிகள் பற்றி வரும் குறிப்புகளில், புதிதாக வரும் ஒவ்வொரு டிரைவரும் (தூரமாக அடிக்கும் நீளமான மட்டை) "பிழை பொறுக்கும்", "ஸ்பின்னைக் குறைக்கும்" (பந்தின் பின்சுழற்சியைக் குறைக்கும்) என்ற இரண்டு பாராட்டுகளையும் சேர்த்தே வாங்கிவிடுகிறது. இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வம். பெரும்பாலும் ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். புதிய டிரைவர் ஒன்று அரை லட்சம் ரூபாயைத் தொடும் காலத்தில், வார இறுதியில் மட்டும் ஆடுகிறவர்கள் "லோ ஸ்பின்" என்ற சொல்லை நம்பி 9 டிகிரி லாஃப்ட் (பந்தைத் தொடும் முகமான ஃபேஸ் பின்னோக்கிச் சாய்ந்த கோணம்) உள்ள ஹெட்டை, அதாவது மட்டைத் தலையை, வாங்கி, இருந்த தூரத்தையும் இழக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் "10கே" என்ற விளம்பரச் சொல். 2024-ல் பிங் ஜி430 மேக்ஸ் 10கே, டெய்லர்மேட் க்யூஐ10 மேக்ஸ் ஆகிய இரண்டும் இந்த எண்ணோடுதான் கடைக்கு வந்தன. நிலைமத் திருப்புத்திறன், அதாவது எம்ஓஐ, 10,000 கிராம்-சதுர சென்டிமீட்டர் என்பது அதன் பொருள். காவடித் தண்டின் இரு முனையிலும் பாரம் இருந்தால் அதைச் சட்டென்று திருப்ப முடியாது அல்லவா, ஹெட்டின் ஓரங்களுக்கு எடையைத் தள்ளுவதும் அதே வேலையைத்தான் செய்கிறது. பந்து நடுவில் படாவிட்டாலும் ஹெட் அதிகம் திரும்பாது. ஆனால் கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ அமைப்புகளின் விதிப்படி செங்குத்து அச்சைச் சுற்றிய எம்ஓஐ 5,900-ஐத் தாண்டக் கூடாது. அளவீட்டுப் பிழைக்காக 100 சேர்த்துக்கொள்ளலாம். அப்படியானால் 10,000 எப்படி வந்தது? ஹீலிலிருந்து (தண்டு சேரும் பக்க ஓரம்) டோ (எதிர் ஓரம்) வரை கிடையாக ஓடும் இன்னொரு அச்சின் எம்ஓஐயையும் கூட்டிச் சொல்கிறார்கள். முதல் எண், ஹீல் பக்கமோ டோ பக்கமோ விலகிப் படும் அடியைக் காப்பாற்றும். இரண்டாவது எண், ஃபேஸில் மேலேயோ கீழேயோ படும் அடியைக் காப்பாற்றும். வாங்குபவர் இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பந்தைத் தாங்கும் குச்சியான டீயை ஒழுங்காக வைத்தும் பக்கவாட்டில் விலகி அடிப்பவருக்கு முதல் எண்தான் முக்கியம்.

எம்ஓஐ எதைச் செய்யாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அடி படும் நொடியில் ஃபேஸ், வீச்சுப் பாதையைவிட வலப்பக்கம் திறந்திருந்தால் (வலக்கை ஆட்டக்காரரைச் சொல்கிறேன்), பந்து நட்டநடுவில் பட்டாலும் ஸ்லைஸ்தான், அதாவது வலப்பக்கம் வளைந்து போகும். எந்த 10கே ஹெட்டும் அதைத் தடுக்காது. விலகிப் பட்ட அடியில் தூரமும் திசையும் கெடாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. ஸ்லைஸ் அடிப்பவர் கடைக்குப் போய் "நல்லா ஃபர்கிவிங்கா ஒண்ணு கொடுங்க" என்று கேட்டு வாங்கி வந்து ஏமாறுவதற்குக் காரணம் இதுதான்.

இப்போது ஸ்பின். எடையை ஹெட்டின் பின்பக்கம் தள்ளினால் எம்ஓஐ கூடும், கூடவே ஈர்ப்பு மையமும் பின்னே போகும். ஈர்ப்பு மையம் பின்னே போனால் அடிக்கும் தருணத்தில் ஷாஃப்ட் (மட்டையின் தண்டு) சற்று முன்னால் வளைந்து, ஃபேஸின் லாஃப்ட் கூடி, பந்து உயரமாகக் கிளம்பும், ஸ்பின்னும் கூடும். முன்னே தள்ளினால் நேர்மாறு: ஸ்பின் குறையும், ஓரத்தில் பட்ட அடி அதிகம் சிதறும். பின்னிருந்து முன்னுக்குப் பத்து கிராம் அளவு எடையை மாற்றினால், ஹெட்டைப் பொறுத்து, நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுகள் வரை ஸ்பின் குறையலாம். மணிக்கு 110 மைலுக்கு மேல் வீசுகிறவர்களுக்கு அந்தக் குறைவு தேவைப்படலாம். 85, 90 மைலில் வீசுகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தேவையில்லை.

ஏனென்று பார்க்க டூர் எண்களே போதும். பந்தின் பறப்பை அளக்கும் கருவிகளைச் செய்யும் ட்ராக்மேன் வெளியிட்டு நீண்ட காலம் புழக்கத்தில் இருந்த சராசரிகளின்படி ஆண்களின் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரில் டிரைவர் வேகம் 113 மைல், பந்து கிளம்பும் கோணம் 10.9 டிகிரி, ஸ்பின் 2,686. பெண்களின் தொடரான எல்பிஜிஏ டூரில் வேகம் 94 மைல், கோணம் 13.2 டிகிரி, ஸ்பின் 2,611, காற்றில் போகும் தூரம் 218 யார்டு. வேகத்தில் 19 மைல் வித்தியாசம். ஸ்பின்னில் வித்தியாசமே இல்லை என்று சொல்லிவிடலாம். மாறியிருப்பது கிளம்பும் கோணம்தான். நம் ஊர் கிளப்புகளில் ஆடும் ஆண்களில் பலர் எல்பிஜிஏ வேகத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் இருக்கிறார்கள். அவர்கள் பின்பற்ற வேண்டிய எண்கள் அந்தப் பெண்களுடையவை: 13 முதல் 15 டிகிரி, 2,400 முதல் 2,900 சுற்று. ஸ்பின் 1,800-க்குக் கீழே போனால் பந்தைத் தூக்கிப் பிடிக்கக் காற்றில் பிடிப்பிருக்காது, பாதி வழியிலேயே தலைகுப்புற விழும். 3,500-ஐத் தாண்டினால் பலூன் மாதிரி மேலேறி நிற்கும். இரண்டுமே நஷ்டம். முதல் வகை நஷ்டத்தை மட்டும் யாரும் கவனிப்பதில்லை, பந்து தாழ்வாகச் சீறிப் போவதைப் பார்த்து நன்றாக அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

லாஃப்டைக் குறைப்பது ஸ்லைஸையும் கூட்டும். அடிக்கும் நொடியில் ஃபேஸின் லாஃப்டுக்கும் ஹெட் மேலேறும் அல்லது கீழிறங்கும் கோணத்துக்கும் உள்ள இடைவெளியை ஸ்பின் லாஃப்ட் என்பார்கள். ஃபேஸ், வீச்சுப் பாதையைவிட 4 டிகிரி திறந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஸ்பின் லாஃப்ட் 15 டிகிரி என்றால் பந்து சுழலும் அச்சு ஏறக்குறைய 15 டிகிரி சாயும். ஸ்பின் லாஃப்ட் 11 என்றால் அதே தவறுக்கு அச்சு 20 டிகிரி சாயும். ஒவ்வொரு டிகிரிச் சாய்வுக்கும் காற்றில் போகும் தூரத்தில் சுமார் 0.7 சதவீதம் பந்து வளையும் என்ற கணக்கைப் போட்டால், 200 யார்டு அடியில் முதலாவது 21 யார்டும் இரண்டாவது 28 யார்டும் விலகும். அந்த ஏழு யார்டில் ஃபேர்வே, அதாவது புல் வெட்டிய நடுப்பாதை, கைவிட்டுப் போகலாம். 90 மைலுக்குக் கீழே வீசுகிறவர் 10.5-க்குக் குறையாமலும், 80-க்குக் கீழே வீசுகிறவர் 12 டிகிரியும் அதற்கு மேலும் பார்க்கலாம். ஹெட்டில் அச்சிட்ட எண்ணுக்கும் உண்மை லாஃப்டுக்கும் ஒரு டிகிரி வரை வித்தியாசம் இருப்பது சகஜம், கடையில் அளந்து காட்டச் சொல்வது நல்லது.

சரிசெய்யும் வேலையை ஹெட்டில் உள்ள எடை ஸ்க்ரூவிலிருந்து தொடங்கக் கூடாது, ஃபேஸிலிருந்து தொடங்க வேண்டும். காலுக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரேயை ஃபேஸில் மெல்லிய படலமாக அடித்துப் பத்துப் பந்துகள் அடியுங்கள். படலத்தில் பந்தின் தடம், குழிகளின் புள்ளிகளோடு, வட்டமாகப் பதியும். இரண்டு மூன்று அடிக்கு ஒருமுறை படம் எடுத்துத் துடைத்து மறுபடி அடிக்கலாம். தடங்கள் நடுவுக்குச் சற்று மேலே கூடியிருந்தால் நல்லது. மேலே படும்போது ஹெட் பின்னால் சாயும், பந்து எதிர்ப்புறம் உருளப் பார்க்கும். அதனால் உயரமாகவும் குறைந்த ஸ்பின்னோடும் போகும். நடுவுக்குக் கீழே ஒரு விரல் அகலம் இறங்கிப் பட்டால் தாழ்வாகக் கிளம்பிச் சில நூறு சுற்று அதிக ஸ்பின்னோடு போகும். "என் டிரைவரில் ஸ்பின் அதிகம்" என்று புகார் சொல்பவர்களில் பலரிடம் இருப்பது இந்தக் கோளாறுதான். வைத்தியம் உயரமான டீ: டிரைவரைத் தரையில் வைத்தால் பந்தில் பாதி ஹெட்டின் மேல்விளிம்புக்கு மேல் தெரிய வேண்டும். பந்தை இடது குதிகாலுக்கு நேராக முன்னே தள்ளி வைத்து, ஹெட் மேலேறும்போது அடிபட வைத்தால், எந்த ஸ்க்ரூவும் தராத தூரம் வரும்.

தடங்கள் ஹீல் பக்கமோ இரு பக்கமுமாகவோ சிதறியிருந்தால் மட்டையின் நீளத்தைப் பாருங்கள். கடையில் வரும் டிரைவர்கள் பெரும்பாலும் 45.5 முதல் 46 இன்ச் வரை. கிரிப்பில் (கைப்பிடியில்) அரை இன்ச், பிறகு ஒரு இன்ச் கீழே பிடித்து அடித்துப் பார்க்கலாம். தடங்கள் ஒன்றுகூடினால் மட்டும் ஷாஃப்டை வெட்டலாம். அரை இன்ச் வெட்டினால் ஸ்விங் வெயிட், அதாவது வீசும்போது கைக்குத் தெரியும் ஹெட்டின் கனம், சுமார் மூன்று புள்ளி குறையும், டி2 இருந்தது சி9 ஆகிவிடும். ஹெட் இருக்கிறதா இல்லையா என்றே கைக்குத் தெரியாது. ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய 2 கிராம் என்பதால், 6 கிராம் கனமான ஸ்க்ரூவைப் போட்டு ஈடுகட்டலாம். வெட்டிவிட்டு எடை சேர்க்காமல் விடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

அதன் பிறகுதான் ஹோசல் ஸ்லீவ், அதாவது ஷாஃப்ட் ஹெட்டுக்குள் நுழையும் இடத்தில் (ஹோசல்) உள்ள, திருப்பி வைக்கக்கூடிய உறை. பெரும்பாலான பிராண்டுகளில் ஸ்லீவ் மூலம் லாஃப்டைக் கூட்டினால், தரையில் வைக்கும்போது ஃபேஸ் இடப்பக்கம் மூடியபடி நிற்கும். குறைத்தால் திறந்து நிற்கும். ஸ்லைஸ் அடிப்பவர் ஸ்பின்னைக் குறைக்கிறேன் என்று 10.5-ஐ 9-ஆக்கினால் திறந்த ஃபேஸும் குறைந்த லாஃப்டும் சேர்ந்து வந்து சேரும். 9 டிகிரி ஹெட்டைக் கூட்டுவதைவிட 12 டிகிரி ஹெட்டைத் தேவைக்குக் குறைப்பதே சரி என்றும் நினைத்துவிட வேண்டாம்: மூடிய ஃபேஸ் தேவைப்படுபவருக்கு 10.5 ஹெட்டை ஒரு டிகிரி கூட்டுவது பொருந்தும், ஹூக் (இடப்பக்கம் வளையும் அடி) அடிப்பவருக்கு 12-ஐக் குறைப்பது பொருந்தும். மாற்றும்போது ஸ்லீவிலும் ஹோசலிலும் மண், புல் இல்லாமல் துடைத்து, இடைவெளியே இல்லாமல் உட்கார்ந்ததைப் பார்த்து, நிறுவனம் தந்த டார்க் ரெஞ்சால் "க்ளிக்" சத்தம் வரும் வரை முறுக்க வேண்டும். சுமார் 40 இன்ச்-பவுண்டு. சாதாரண ஆலன் கீயால் முறுக்கி மரை கெடுத்தவர்களும், தளர்வாக அடித்து ஸ்லீவை உடைத்தவர்களும் உண்டு. பல டிரைவர்களில் ஸ்லீவோடு ஷாஃப்டும் திரும்பும், ஆகவே அடியில் மேடு உள்ள கிரிப்பாக இருந்தால் மேடு வேறு பக்கம் போய்விடும். வட்டமான கிரிப் போட்டுக்கொள்ளுங்கள்.

எடை ஸ்க்ரூ கடைசி. கனமானது பின்னே இருக்கட்டும். ஸ்லைஸ் தொடர்ந்தால் ஹீல் பக்கம் நகர்த்தலாம், ஈர்ப்பு மையம் ஹீலை நோக்கிப் போவதால் நடுவில் பட்ட அடிக்கும் கொஞ்சம் டிரா சுழற்சி, அதாவது இடப்பக்கம் மெல்ல வளைக்கும் சுழற்சி, கிடைக்கும். ஷாஃப்ட் மாற்றினால் ஸ்பின் மாயமாகக் குறையும் என்பது பெரிதுபடுத்திச் சொல்லப்படும் பேச்சு. ஷாஃப்டின் எடையும் நீளமும் அடி படும் இடத்தை மாற்றும், முதலில் பார்க்க வேண்டியது அவற்றைத்தான்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். நீங்கள் ஆடும் அதே பந்தால் அளக்க வேண்டும். பயிற்சித் திடலில் தரும் ரேஞ்ச் பந்துகளின் ஸ்பின்னும் பறப்பும் வேறு. கூரைக்குள் ரேடார் வகை லாஞ்ச் மானிட்டர் (பந்து கிளம்பும் வேகம், கோணம், ஸ்பின் காட்டும் கருவி) வைத்திருந்தால் பந்தில் உலோகப் பொட்டு ஒட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள், ஒட்டாவிட்டால் பல கருவிகளில் திரையில் வரும் ஸ்பின் அளந்ததாக இருக்காது, கணித்ததாகவே இருக்கும்.

சென்னையில் சரிசெய்த டிரைவரை ஊட்டிக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2,200 மீட்டருக்கு மேலே காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இழுவை குறைவதால் தூரம் கூடும். தூக்குவிசையும் குறைவதால், ஏற்கெனவே ஸ்பின் குறைந்த அமைப்பு அங்கே இன்னும் தாழ்வாகப் பறக்கும். ஒரு டிகிரி லாஃப்ட் கூட்டிக்கொள்ளலாம், ஆனால் ஆட்டம் தொடங்கும் முன்பே. ஆட்டத்தின் நடுவில் ஸ்லீவையோ எடையையோ மாற்றி அந்த டிரைவரால் ஒரு அடி அடித்தாலும் விதி 4.1-ன்படி தகுதி நீக்கம்.

தங்களிடம் கேட்பது இது. டிரைவர் பற்றிய குறிப்பு வெளியிடும்போது இரண்டு அச்சுகளின் எம்ஓஐ, ஷாஃப்ட் நீளம், லாஃப்டை எவ்வளவு மாற்றலாம், எந்த வேகத்துக்கு ஏற்றது ஆகியவற்றையும் சேர்த்து அச்சிடுங்கள். கடைக்காரர்களும் சோதனை முடிந்ததும் மிக நீளமான ஒரே அடியைக் காட்டி அனுப்பாமல், பத்து அடிகளின் சராசரித் தூரம், இட வலச் சிதறல், ஸ்பின்னின் ஏற்ற இறக்கம் மூன்றையும் தாளில் எழுதித் தர வேண்டும். வாங்குகிறவர் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிய பிறகு பணம் கட்டட்டும்.

இப்படிக்கு,
கோல்ஃப் கருவிகள் பொருத்தும் ஒரு வாசகர்,
சென்னை