முதலில் எடை, அப்புறம் பை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வீடு மாற்றும் அமளியில் இருந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை. புத்தக மூட்டைகளைத் தூக்கி இறக்கியதில் முதுகு பிடித்துக்கொண்டு, இப்போதுதான் நிமிர்ந்து உட்காருகிறேன். மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. தம்பி சொந்தமாகப் பட்டறை வைத்துவிட்டான். என் வண்டி நன்றாக ஓடுகிறது. நான்தான் அவ்வளவாக ஓடவில்லை. நீ நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் தனியாகக் கிளம்பப் போகிறாய் என்று படித்ததும் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. ஒரு மாற்றுச் சட்டையோடு கிளம்பிவிடுகிற ஆள் நீ. இப்போது கூடாரம், படுக்கை, அடுப்பு, கேமரா, அதற்கு மூன்று லென்ஸ் என்று பட்டியல் ஒரு பக்கத்துக்கு நீள்கிறதே!

வண்டியின் இரண்டு பக்கமும் மாட்ட அலுமினியப் பெட்டி ஜோடி வாங்கலாமா, கையில் காசு குறைவு, வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறாய். என் பதில், பெட்டி வேண்டாம். சாமானை முதலில் எடை போடு, பையைக் கடைசியில் வாங்கு. ஒதுக்கிய பணத்தில் பை மலிவாக இருந்தாலும் பரவாயில்லை. அதை வண்டியோடு பிடித்துவைக்கிற ரேக்கிலும் (கம்பிச் சட்டம்) ஸ்ட்ராப்பிலும் (கட்டும் பட்டை) மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே.

எடை என்று ஏன் சொல்கிறேன் என்றால், எத்தனை லிட்டர் பை என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள், எத்தனை கிலோ என்று யாரும் கேட்பதில்லை. வண்டியின் கையேட்டை எடுத்துப் பார். வண்டி, ஆள், சாமான் எல்லாம் சேர்ந்து இவ்வளவுதான் என்று ஓர் எண் இருக்கும். பெட்ரோல் நிரப்பிய வண்டியின் எடையை அதிலிருந்து கழி. உதாரணத்துக்கு வரம்பு 360 கிலோ, வண்டி 190 என்றால் மிச்சம் 170. ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு நீ 95 கிலோ வருவாய் (கோபித்துக்கொள்ளாதே). பாக்கி 75. கேட்க நிறையத்தான் இருக்கிறது. ஆனால் பின்பக்கக் கேரியருக்கென்று தனி வரம்பு உண்டு. பல வண்டிகளில் அது 5 முதல் 10 கிலோவுக்குள்தான் இருக்கும், கேரியர் மேலேயே பொறித்திருப்பார்கள். அதைப் படிக்காமல் கூடாரம், டூல்ஸ், தண்ணீர் எல்லாவற்றையும் அங்கேயே ஏற்றுகிறவர்களுக்குத்தான் மோசமான சாலையில் சப்ஃப்ரேம், அதாவது சீட்டையும் கேரியரையும் தாங்கும் பின்சட்டம், விரிசல் விடுகிறது. ஒரேயடியாக உடையாது. வெல்டிங் பக்கத்தில் முடி மாதிரி ஒரு கோடு விழும், அப்புறம் ஒவ்வொரு குழிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளக்கும்.

எங்கே ஏற்றுகிறோம் என்பதும் கிலோவைப் போலவே முக்கியம். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 1.4 மீட்டர் என்று வைத்துக்கொள். பின் அச்சுக்கு 40 செ.மீ. பின்னால் ஒரு டாப் பாக்ஸ் (கேரியர் மேல் மாட்டும் பெட்டி), பெட்டியும் சாமானுமாக 10 கிலோ. பின்சக்கரத்துக்கு 10 கிலோ கூடுவதோடு கணக்கு முடிவதில்லை. நெம்புகோல் மாதிரி முன்பக்கத்தைத் தூக்குவதால் முன்சக்கரத்தில் சுமார் 3 கிலோ குறைந்து, பின்சக்கரத்தில் 13 கிலோ கூடிவிடும். ஹேண்டில் லேசாகும், வேகத்தில் வண்டி ஆடும். பெட்டி விற்கிறவர்களே பலர் அதன்மேல் வேக வரம்பு எழுதி ஒட்டுவது இதனால்தான். டூல்ஸ், தண்ணீர், அடுப்பு எரிபொருள் ஆகிய கனமானவை கீழே, உன் இடுப்புக்குப் பக்கத்தில் வர வேண்டும். படுக்கை, துணி, ஸ்லீப்பிங் பேக் மேலேயும் பின்னாலேயும் போகட்டும்.

இனி உன் அலுமினியப் பெட்டி. அதன்மேல் எனக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. பூட்டலாம், கழற்றி மேலே உட்காரலாம், மழை உள்ளே வராது, பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். ஆனால் பெட்டி ஜோடியும் அதைத் தாங்கும் ரேக்கும் மட்டுமே வெறுமையாக 15 கிலோ வரை வந்துவிடும். உனக்குப் பாக்கியுள்ள 75-இல் ஐந்தில் ஒரு பங்கு காலிப் பெட்டிக்கே போகிறது. வண்டியின் அகலம் ஹேண்டில்பாரைத் தாண்டிவிடும்; நெரிசலில் ஹேண்டில் நுழைந்த இடத்தில் பெட்டி நுழையாது. நீ மண்சாலைக்கும் போகப் போவதாகச் சொல்கிறாய். அங்கே வண்டி சாயும்போது அனிச்சையாகக் காலை ஊன்றுவோம். வண்டி முன்னால் நகர, ஊன்றிய கால் பின்னால் போய்ப் பெட்டியில் மாட்டும். கெண்டைக்காலில் இடித்தால் வலி, கணுக்கால் அடியில் சிக்கினால் எலும்பே முறியும். துணிப் பை என்றால் அமுங்கிக் கொடுக்கும். நகரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நாளெல்லாம் வேறு வேலை பார்க்கிறவனுக்குப் பெட்டிதான் சரி. நீ அப்படிப்பட்டவன் இல்லை.

மலிவுக்காக ராணுவக் கழிவுச் சந்தையில் வாங்கிய வெடிமருந்துப் பெட்டிகளை மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. ரப்பர் வளையம் போட்ட மூடி, தண்ணீர் இறங்காது. ஆனால் எஃகு; எடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு முடிவு பண்ணு.

துணிப் பைக்கு வருவோம். கடையில் 600 டி, 1000 டி, 1680 டி என்று எழுதியிருப்பார்கள். டி என்றால் டெனியர். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராமோ, அதுதான் டெனியர். எண் கூடக் கூட நூல் தடிமன். ஆனால் ஒரே வகை நூலுக்குள்தான் இந்த ஒப்பீடு செல்லும். 1000 டெனியர் நைலான், அதைவிடப் பெரிய எண் போட்ட பாலியஸ்டரைவிட உராய்வைத் தாங்கக்கூடும். நைலான் நனைந்தால் கொஞ்சம் தொய்யும், வெயிலில் பாலியஸ்டர் அளவுக்கு நிலைக்காது. எண்ணைப் பார்த்து மயங்குவதைவிட, பையை உள்பக்கம் புரட்டிப் பார். தண்ணீர் புகாமல் இருக்கப் பூசியிருக்கும் பூச்சு பளபளவென்று இருக்கிறதா, பிசுபிசுக்கிறதா? பிசுபிசுத்தால் உரியப் போகிறது என்று அர்த்தம். தையலை இழுத்துப் பார். கைப்பிடியும் ஸ்ட்ராப்பும் பையோடு சேரும் இடத்தில் குறுக்குத் தையல் போட்டிருக்கிறார்களா என்று கவனி. பை கிழிவது பெரும்பாலும் நடுத்துணியில் இல்லை, இந்த மூலைகளில்தான்.

ஜிப்பை நம்பாதே. மலிவுப் பையில் முதலில் சாவது அதுதான். தூசி ஏறும், பையை அமுக்கி அமுக்கி மூடும்போது பல் விலகும். மழையில் தண்ணீர் உள்ளே இறங்குவதும் அதன் வழியாகவே. மேல்வாயைச் சுருட்டி மூடுகிற பை இருக்கிறதே, படகுக்காரர்கள் வைத்திருப்பார்களே, அதை வாங்கு. தையலுக்குப் பதில் சூட்டில் ஒட்டிய பிவிசி தார்ப்பாய்த் துணி. வாயைக் குறைந்தது மூன்று சுற்றாவது சுருட்டிப் பக்கிள் போட்டால் எந்த மழையும் உள்ளே போகாது. சைக்கிள்காரர்களுக்கு இந்த வகைப் பை வந்த கதை எனக்குப் பிடிக்கும். 1981-இல் ஹார்ட்முட் ஓர்ட்லீப் என்ற ஜெர்மன் இளைஞர் இங்கிலாந்தில் சைக்கிளில் போகும்போது மழையில் சாமான் எல்லாம் நனைந்துவிட்டது. லாரி ஒன்றின் தார்ப்பாயைப் பார்த்துவிட்டு, ஊருக்குத் திரும்பி அதே துணியில் பை தைத்தார். மறு வருடம் அதுவே கம்பெனியாகிவிட்டது. லாரித் துணிதான் என்பதால் இன்றைக்கும் சாதாரணத் தயாரிப்பாளர்கள்கூட இதை மலிவாகவும் உருப்படியாகவும் செய்கிறார்கள். உனக்கு 40 லிட்டரில் ஒன்று போதும், பின்சீட்டில் குறுக்கே கிடத்தலாம். 60 வாங்கினால் 60-ஐயும் நிரப்பாமல் உன்னால் இருக்க முடியாது, எனக்குத் தெரியும்.

பைக்கு மேலே போடும் மழை உறையைப் பற்றி ஒரு வார்த்தை. காற்றில் அது பறந்துவிடும், அல்லது அடியில் தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும். பையின் உள்ளே தடித்த பிளாஸ்டிக் உறை போட்டு அதற்குள் துணியை வை. காசும் மிச்சம்.

பக்கவாட்டுப் பைகள், அதாவது சேடில் பேக், உனக்கு வேண்டியிருக்கும். பக்கத்துக்கு 15 லிட்டர் போல இரண்டு, சீட்டுக்குக் குறுக்கே போட்டுத் தொங்கவிடுகிற மாதிரி. இங்கேதான் ரேக் பற்றிச் சொன்னது வருகிறது. ரேக் இல்லாமல் தொங்கவிட்டால் பை உள்ளே ஆடி டயரில் உரசும், அல்லது சைலன்சரில் ஒட்டும். பாலிப்ரொப்பிலீன் ஸ்ட்ராப் சுமார் 160 டிகிரியிலேயே உருகிவிடும்; நைலானும் பாலியஸ்டரும் 200-ஐத் தாண்டித்தான் உருகும், ஆனால் ஓடிவந்த வண்டியின் சைலன்சர் அவற்றையும் விட்டுவைக்காது. பையை உள்ளே விடாமல் தடுக்கும் எளிய கம்பி ரேக் ஒன்று போதும். எந்த வெல்டிங் பட்டறையிலும் வளைத்துக் கொடுப்பார்கள். சைலன்சர் உள்ள பக்கத்தில் பைக்கும் அதற்கும் நடுவே ஒரு தகடு வை, தகட்டுக்கும் பைக்கும் இடையே காற்றுப் போக இடம் விடு. அந்தப் பக்கத்துப் பை கொஞ்சம் மேலே வரும், ஆகவே சின்னதாக இருந்தாலும் சரி. எடை இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம், அளவு அல்ல.

டூல்ஸை மட்டும் பையில் போடாதே. பஞ்சர் சாமான், ஸ்பேனர், டியூப் எல்லாம் சேர்ந்தால் கனமாக, கூராக இருக்கும். துணியை உள்ளேயிருந்தே ஓட்டை போடும். விவசாய இயந்திரங்களில் கையேடு வைப்பதற்காக விற்கும் மூடி போட்ட பிளாஸ்டிக் குழாயை ஓட்டுநர்கள் பலர் ரேக்கின் கீழ்ப்பக்கத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அது கிடைக்காவிட்டால் 4 அங்குல பிவிசி குழாய், ஒரு பக்கம் ஒட்டிய மூடி, மறுபக்கம் திருகு மூடி. இதைவிட மலிவான, நல்ல டூல் பெட்டி நான் பார்த்ததில்லை. சைலன்சருக்கு எதிர்ப்பக்கம் மாட்டு, அவ்வளவுதான்.

ஸ்ட்ராப் விஷயத்தை நான் கொஞ்சம் கத்தித்தான் சொல்வேன். கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு வேண்டவே வேண்டாம். மேடு பள்ளத்தில் அது நீளும், பை நகரும், கொக்கி கழன்றால் கண்ணைப் பதம் பார்க்கும். நாங்கள் கூட்டமாகப் போனபோது எங்களில் ஒருவரின் கயிறு கழன்று பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. வேகம் குறைவு என்பதால் தப்பித்தார். சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி நம் பேச்சைக் கேட்காது. உனக்கு வேண்டியது 25 மி.மீ. அகலமுள்ள, நீளாத ஸ்ட்ராப், இழுத்த பட்டையைக் கவ்விப் பிடிக்கும் கேம் பக்கிள் போட்டது. ஸ்ட்ராப்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக வராமல், பையை எதிரெதிர்க் கோணத்தில் நான்கு இடங்களில் இழுத்துக் கட்டு. இண்டிகேட்டர், பிளாஸ்டிக் பேனல் எதிலும் கட்டாதே, ஃப்ரேமிலோ ரேக்கிலோ கட்டு. தொங்குகிற நுனிகளைச் சுருட்டிச் செருகு, இல்லாவிட்டால் அவை நேரே செயினுக்குப் போய்விடும். கட்டி முடித்ததும் பையைப் பிடித்து உலுக்கு. பையோடு வண்டியும் சேர்ந்து ஆட வேண்டும்; பை மட்டும் ஆடினால் அவிழ்த்துத் திரும்பக் கட்டு. கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் நிறுத்தி இன்னொரு முறை இறுக்கு. சாமான் அமுங்கியதும் எல்லாக் கட்டும் தளரும்.

பெட்ரோல் டேங்க் மேல் வைக்கிற டேங்க் பேக் சின்னதாக ஒன்று இருந்தால் கேமராவுக்கு நல்லது. காந்தம் வைத்தது வாங்குமுன் உன் டேங்க் இரும்பா, மேலே பிளாஸ்டிக் மூடியா என்று பார். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார், ஹார்ன் அமுங்கக் கூடாது. அடியில் மண் சிக்கினால் பெயிண்ட் போய்விடும், தினமும் துடை. முதுகில் பை மாட்டிக்கொண்டு ஓட்டாதே. தோள் வலிக்கும், விழுந்தால் உள்ளே இருக்கும் கடினமான பொருள் முதுகெலும்பில் குத்தும். தண்ணீர்ப் பை மட்டும் என்றால் சரி.

எல்லாம் ஏற்றிய பிறகு பின் ஷாக் அப்சார்பரின் ஸ்ப்ரிங்கை இறுக்கிக்கொள், டயரில் காற்றைக் கையேட்டில் முழுச் சுமைக்குச் சொன்ன அளவுக்கு ஏற்று. பின்பக்கம் தாழ்ந்தால் ஹெட்லைட் மேலே பார்க்கும், எதிரே வருகிறவன் உன்னைத் திட்டுவான். பின்விளக்கும் நம்பர் பிளேட்டும் பையால் மறையாமல் இருக்கட்டும்.

இப்போதைக்கு எதையும் வாங்காதே. அட்டைப் பெட்டிகளை வாங்கப்போகும் பையின் அளவுக்கு வெட்டி, வண்டியில் கட்டி, ஏறி உட்கார்ந்து பார். கால் தூக்கிப் போட முடிகிறதா, சாமானின் மேல் முதுகு இடிக்கிறதா, கிக்கரோ ஸ்டாண்டோ மறைகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் தராசில் வைத்து எண்களோடு எனக்கு எழுது. அந்த மூன்று லென்ஸில் இரண்டை வீட்டில் வைக்கச் சொல்லிச் சண்டை போடத் தயாராகத்தான் இருக்கிறேன். சைலன்சர் பக்கமும் கேரியரின் அடிப்பக்கமும் தெரிகிற மாதிரி இரண்டு படம் எடுத்து அனுப்பு. தம்பியிடம் காட்டி ரேக்குக்கு வரைபடம் போட்டு வாங்கி வைக்கிறேன்.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

உன் பழைய கூட்டாளி