86-லேயே நின்ற எண்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. உடனே பதில் எழுத முடியாதபடி வேலை. கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மா தானாகவே செய்தித்தாள் படிக்கிறார் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே அனைவரும் நலம். மகள் வண்டி ஓட்டப் பழகிவிட்டாள். மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது கிளட்சை அவள் விடுகிற பக்குவத்தைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். டேஷ்போர்டிலேயே வெப்ப முள் இருக்கும்போது தனியாக மீட்டர் எதற்கு என்று கேட்டிருந்தாய். பல வண்டிகளில் கம்பெனி முள்ளை வேண்டுமென்றே மந்தமாக அமைத்திருப்பார்கள். என்ஜினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் திரவமான கூலன்ட் 80 டிகிரியில் இருந்தாலும் 100-ஐத் தாண்டினாலும் அது நட்ட நடுவிலேயே நிற்கும். முள் சற்று ஆடினாலே ஓட்டுபவர் பதறிவிடுவார் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. நெடுஞ்சாலைக்கு அது போதும். மணலிலும் சேற்றிலும் ஆள் நடக்கிற வேகத்தில் ஏறும்போது போதவே போதாது. என்ஜின் முழு மூச்சாக உழைக்கும், ரேடியேட்டருக்கோ எதிர்க்காற்று கிடையாது. நடுவில் நிற்கிற முள் அசையத் தொடங்கும்போது, சுதாரித்துக்கொள்ள உனக்கு நேரம் அதிகம் இருக்காது.

உன் வண்டி ஆட்டோமேட்டிக் என்பதால் கியர்பாக்ஸ் எண்ணெய்க்குத்தான் முதல் மீட்டர் போடச் சொல்வேன். பெரும்பாலான வண்டிகளில் அதற்கு முள்ளே கிடையாது. மெதுவாக ஏறும்போது, என்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்ளாமல் எண்ணெயைக் கடைந்துகொண்டே இருக்கும், அந்தக் கடைசல் முழுவதும் சூடாகிறது. 80-லிருந்து 95 வரை இருந்தால் கவலை இல்லை. 120-ஐத் தொட்டால் நிறுத்திவிடு. கைபிரேக் போட்டு, நியூட்ரலில் என்ஜினைச் சற்றே வேகம் கூட்டி ஓடவிடு. எண்ணெய் கூலர் வழியாகச் சுற்றிச் சூடு இறங்கும். சென்சாரை எண்ணெய்த் தொட்டியில் வைப்பதா, கூலருக்குப் போகும் குழாயில் வைப்பதா என்று ஆளுக்கொரு கருத்து இருக்கிறது. குழாயில் வைத்தால் எண் குதித்துக் குதித்து ஏறும், ஆனால் முதலில் அதுதான் எச்சரிக்கும். நான் குழாயில் வைத்திருக்கிறேன்.

இந்த வேலையில் நான் கெட்டிக்காரனாகப் பிறக்கவில்லை. முதல் தடவை கூலன்ட் சென்சாரை ரேடியேட்டரின் மேல் ஹோஸை வெட்டி, ஓர் அலுமினிய அடாப்டரில் பொருத்தினேன். ஒற்றை ஒயர் சென்சார். இருபுறமும் ரப்பர் என்பதால் அந்த அடாப்டருக்கு எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி, தனியாகக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன், ஆனால் பெயின்ட் அடித்த தகட்டின் மேலேயே திருகிவிட்டேன். அந்த வாரமே ஒரு நீண்ட ஏற்றம். மீட்டர் 86 காட்டியது, ஏறிக்கொண்டே இருந்தும் 86. வண்டிக்குள் இனிப்பான கூலன்ட் வாசனை வந்த பிறகுதான் நிறுத்தினேன். பானெட்டைத் திறந்தால் மேல் ஹோஸ் கல் போல விறைத்திருந்தது. தம்பி மகனை உள்ளே உட்காரவைத்து எண்ணைப் படிக்கச் சொன்னேன். எர்த் திருகைக் கழற்றி, கத்தி முனையால் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்ததும் மீண்டும் இறுக்கினேன். "108, பெரியப்பா" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

காரணம் எளிது. இந்தச் சென்சாரில் சூடு ஏற ஏற மின்தடை குறையும். எர்த் சரியில்லை என்றால் அங்கே கூடுதல் தடை சேர்ந்துவிடுகிறது, மீட்டர் அதைக் குளிர்ச்சி என்று படித்துக்கொள்கிறது. ஆபத்து நேரத்தில் ஆறுதல் சொல்கிற பிழை இது. அதனால் எர்த் ஒயரை நேராக என்ஜின் பிளாக்கில், சுரண்டிய இடத்தில் கொடு. மீட்டரின் எர்த்தும் அங்கேயே வரட்டும். வண்டியில் ஏற்றுவதற்கு முன் சென்சாரைக் கொதிக்கும் நீரில் அமிழ்த்திப் பார். கடல் மட்டத்தில் 100, உயரம் 300 மீட்டர் கூடினால் ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும்.

இன்னொன்று. ஹோஸ் வெடித்துக் கூலன்ட் மொத்தமும் போய்விட்டால், கூலன்ட் சென்சார் வெறும் காற்றில் நின்றுகொண்டு குறைவாகவே காட்டும். இதற்காக என்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டின் போல்ட்டுக்கு அடியில் வளையம் போல மாட்டுகிற சென்சார் ஒன்றும் போட்டிருக்கிறேன். அது உலோகத்தின் சூட்டையே நேராகப் பார்க்கும். புகைக்குழாய் வெப்பத்துக்கான மீட்டரை இப்போதைக்கு விட்டுவிடு, அதற்கு என்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுவரும் மேனிஃபோல்டில் துளையிட வேண்டும்.

ஒயரிங் உனக்குத் தெரியாததல்ல. பேட்டரி நெகடிவைக் கழற்றிவிட்டுத் தொடங்கு. சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இடத்திலிருந்து சிறிய ஃபியூஸ் வழியாக எடு. தகட்டைத் துளைத்து ஒயர் உள்ளே வரும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாமல் விடாதே. கண்ணாடியோரத் தூணில் மீட்டர் வைக்கப்போகிறாய் என்றால், அதற்குள் ஏர்பேக் இருக்கிறதா என்று முதலில் பார்.

பொருத்தியபின் ஒரு மாதம் எண்களைக் குறித்து வை. என் வண்டி சமவெளியில் 84, வழக்கமான அந்த ஏற்றத்தில் 93. போன மாதம் அதே ஏற்றத்தில் 98 காட்டியது. கம்பெனி முள் இம்மியும் அசையவில்லை. வீட்டுக்கு வந்து கிரில்லைக் கழற்றினேன். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே புல்விதையும் சேறும் கலந்து கம்பளி போல ஒட்டியிருந்தது. பின்பக்கமிருந்து மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவியதும் மறுபடி 93.

சென்சார் வந்ததும் எழுது. அந்த ஞாயிற்றுக்கிழமை என் வெப்பமானியையும் எர்த் ஒயரையும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். அம்மாவிடம் சொல்லிவை.

உன் அன்பு நண்பன்