சோலார் டிசி பெட்டியில் எந்த எம்.சி.பி.?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாடிச் சோலார் கட்டுரையில், பேனல் வயர்கள் வந்து சேரும் டிசி பெட்டிக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. (ஓட்டம் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்சு) போதும் என்று ஒரு வரி வந்திருக்கிறது. ஏசியா டிசியா என்று சொல்லவில்லை. கடையில் இப்படிக் கேட்டால் வீட்டு லைனுக்கான ஏசி எம்.சி.பி.யைத்தான் எடுத்துத் தருவார்கள்.

வீட்டு மின்சாரமான ஏசி நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது. திசை திரும்பும் ஒவ்வொரு முறையும் ஓட்டம் சுழியை, அதாவது பூஜ்யத்தை, தொடும். நொடிக்கு 100 தடவை. எம்.சி.பி.யின் முனைகள் பிரியும்போது எழும் ஆர்க் (மின்பொறி) அந்தச் சுழியில் அணைந்துவிடுகிறது. பேனலிலிருந்து வரும் டிசி ஒரே திசையில் ஓடுவது, சுழியே கிடையாது. 540 வாட் பேனல்கள் பத்தைத் தொடராகக் கோத்தால் 490 வோல்ட் அளவுக்கு வரும். அதில் ஏசி எம்.சி.பி.யை இறக்கினால் முனைகள் விலகிய பிறகும் ஆர்க் நின்று எரியும், உறை உருகும்.

டிசி எம்.சி.பி.க்குள் ஒரு காந்தம் ஆர்க்கை அணைப்பறைக்குள் தள்ளுகிறது. பலவற்றில் பிளஸ், மைனஸ் குறி இருக்கும். மாற்றிக் கொடுத்துவிட்டால் தள்ளுவது எதிர்ப்பக்கம். சரியான சாமான் வாங்கியும் எரிந்துபோக இது ஒரு காரணம்.

அந்த 32 ஆம்பியர் கணக்கும் உதவாது. இவ்வகைப் பேனல் நல்ல வெயிலில் தருவது 13 ஆம்பியர். ஷார்ட் ஆனாலும் 14ஐ ஒட்டித்தான் நிற்கும். ஒற்றை வரிசையில் அந்த எம்.சி.பி. எப்படி டிரிப் ஆகும்? ஆகவே அங்கே அது கையால் அணைக்கும் சுவிட்சு மட்டுமே.

பேனலைக் கழற்றும்போது முதலில் டிசியை ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டரை நிறுத்தி ஏசி பக்கத்தை அணைக்க வேண்டும். பிறகு பேனல் பக்கத்தைத் துண்டிக்கும் சுவிட்சான டிசி ஐசொலேட்டர். அதன்பின் வயரைக் கவ்வி ஓட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் ஓட்டம் சுழிதானா என்று பார்த்துவிட்டே பேனல் வயர்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டரைப் பிரிக்கலாம். ஓட்டம் இருக்கும்போது இழுத்தால் கையிலேயே ஆர்க் அடிக்கும். மேகம் மூடிய நாளென்று அசட்டையாக இருக்கக் கூடாது. குறைவது ஆம்பியர்தான், வோல்ட் பெரிதாக இறங்காது. மலிவான கிளாம்ப் மீட்டர்கள் பல ஏசி ஓட்டத்தை மட்டுமே அளப்பவை. டிசி வயரில் 13 ஆம்பியர் ஓடும்போதும் அவை சுழி என்றே காட்டும்.

இப்படிக்கு,
ஒரு மின்பணியாளர்,
ஈரோடு